'தே' என்ற சொல்லை எங்களிடம் கேட்டவர்கள்

தமிழ்நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் யாரும் இந்த வாக்கியத்தைத் திருத்தாமல் இருந்திருக்க முடியாது: 'எவ்ரி ஸ்டூடண்ட் மஸ்ட் பிரிங் தேர் புக்.' 'தேர்' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே 'ஹிஸ்' என்று எழுதி, அரை மதிப்பெண் குறைப்போம். ஏன் என்று கேட்டால், 'எவ்ரி' ஒருமை, 'தேர்' பன்மை, இரண்டும் சேராது என்போம். வகுப்பில் பாதிப் பேர் பெண்களாக இருப்பார்கள். திருத்துகிற எங்களிலும் பாதிக்கு மேல் பெண்கள்தான். 'ஹிஸ்' எங்கள் கையில் உறுத்தவில்லை.

நாங்கள் இதை எங்கள் ஆசிரியர்களிடம் கற்றோம். அவர்கள் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தில் கற்றார்கள். பால் தெரியாத இடத்தில் ஆண்பால் பிரதிப்பெயரைப் போடு என்றது அந்த நூல். 1930களில் எழுதப்பட்டது அது. அதற்கு முன் இந்த விதி எங்கே இருந்தது, யார் வகுத்தது, அதற்கும் முன்னால் ஆங்கிலேயர்கள் எப்படிப் பேசினார்கள் என்றெல்லாம் தேடிப் பார்க்கும் கடமை எங்களுக்கு இருந்தது. மொழி கற்பிப்பதற்காகத்தான் சம்பளம் வாங்குகிறோம். ஆனால் நாங்கள் தேடவில்லை.

தேடியிருந்தால் கிடைத்திருக்கும். ஒரே ஆளைக் குறிக்கத் 'தே' என்று எழுதுவது ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி காட்டும் மிகப் பழைய சான்று 1375ஐ ஒட்டி எழுதப்பட்ட ஒரு கதைப்பாட்டில் இருக்கிறது. மனிதன் ஓநாயாக மாறும் கதை அது. 'தே' என்ற சொல்லே வட இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலம் வாங்கிக்கொண்டது. வெளியிலிருந்து வந்த சொல் முதலில் பன்மையில் நிலைபெற்று, அதிக காலம் கழியுமுன்பே ஒருமைக்கும் உழைக்கத் தொடங்கிவிட்டது. ஷேக்ஸ்பியர் அப்படி எழுதினார். ஜேன் ஆஸ்டன் தன் நாவல்களில் திரும்பத் திரும்ப அப்படி எழுதினார். ஆஸ்டனை எம்.ஏ. வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறவர்கள் நாங்கள். அவர் கையாண்ட அதே வாக்கிய அமைப்பை மாணவரின் தாளில் பிழை என்று சுழித்தவர்களும் நாங்கள்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

தடை 18ஆம் நூற்றாண்டில் வந்தது. ஆண்பால் பிரதிப்பெயர் இருபாலாரையும் குறிக்கும் என்று எழுதிவைத்த முதல் ஆங்கில இலக்கண நூல்களில் ஒன்று 1745இல் வெளிவந்தது. எழுதியவர் ஆன் ஃபிஷர், நியூகாசில் நகரில் பள்ளி நடத்திய பெண். 1795இல் லிண்ட்லி மரே எழுதிய இலக்கணம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல தலைமுறைகளுக்குப் பாடமாக இருந்தது. ஒருமைக்குத் 'தே' போட்ட வாக்கியங்களைத் திருத்த வேண்டியவை என்று அது பிள்ளைகளுக்குக் காட்டியது. இருநூறு ஆண்டுகள் பள்ளிக்கூடம் இப்படி முயன்றும் மக்கள் பேச்சில் இந்த வழக்கு சாகவில்லை என்பதை மொழியியலாளர் ஆன் போடின் 1975இல் ஒரு கட்டுரையில் விரிவாகக் காட்டினார். எங்களில் எத்தனையோ பேர் பி.எச்டி. பெற்றது அதற்குப் பிறகு.

பள்ளிக்கூட விதி சட்டத்துக்குள்ளும் போனது. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் ஆண்பாற்சொல் வந்தால் பெண்ணும் அடக்கம் என்று எழுதிக்கொண்டது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் தன் 8ஆம் பிரிவில் 'ஹி' என்ற பிரதிப்பெயர் ஆண், பெண் இருவரையும் குறிக்கும் என்றது. தண்டனை தருவதற்கு இந்த ஏற்பாடு தடையின்றிப் பயன்பட்டது. உரிமை கேட்டு ஒரு பெண் வந்தபோது என்ன ஆயிற்று? 1916இல் ரெஜினா குஹா, சட்டம் படித்துத் தேறியவர், வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கேட்டார். சட்டத்தில் உள்ள ஆண்பாற்சொல்லில் பெண்ணும் அடக்கம்தானே என்பது அவர் தரப்பு வாதம். கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெண்கள் வழக்காடலாம் என்று தனியாக ஒரு சட்டம் வர 1923 ஆயிற்று. 'ஹி' எல்லோருக்கும் பொது என்று கரும்பலகையில் எழுதிய ஒவ்வொரு முறையும் நாங்கள் இந்தக் கதையையும் சொல்லியிருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 'ஹி' என்பது ஆண், பெண், திருநர் யாரையும் குறிக்கும் என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறது. ஆண்பாற்சொல் அப்படியே நிற்க, அதற்குள் அடங்க வேண்டியவர்களின் பட்டியல் மட்டும் நீண்டிருக்கிறது.

அரை மதிப்பெண்ணோடு போயிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை வந்திருக்காது. சில ஆண்டுகளாக எங்கள் வகுப்புகளுக்கு வேறொரு கேள்வி வருகிறது. தங்களை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ள முடியாத மாணவர்கள் சிலர், ஆங்கிலத்தில் தங்களைத் 'தே' என்று சொல்லும்படி கேட்டார்கள். மிகச் சிலர்தான். வீட்டில் சொல்ல முடியாததை, நண்பர்களிடம்கூடப் பாதிதான் சொல்ல முடிந்ததை, ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லாக எங்களிடம் கொண்டுவந்தார்கள். கணக்கு ஆசிரியரிடம் போகவில்லை, விடுதிக் காப்பாளரிடம் போகவில்லை. அந்த மொழி எங்கள் பொறுப்பில் இருக்கிறது என்று நம்பி எங்களிடம் வந்தார்கள்.

நாங்கள் அவர்களுக்கு இலக்கணம் சொன்னோம்.

'தே' பன்மை, நீ ஒரே ஆள்தானே என்றோம். எங்களில் சிலர் அதை வகுப்பில் எல்லோர் முன்பும் சொன்னோம். சிரிப்பு எழுந்தது, அடக்கவில்லை. சிலர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாள் பழையபடி 'ஷி' என்றோம். சிலர் அதை ஆசிரியர் அறையில் சொல்லிவிட்டோம். ஒருவரை நம்பிச் சொன்னது மதியச் சாப்பாட்டுக்குள் துறை முழுக்கத் தெரிந்தது. அந்த மாணவர் அடுத்த வாரம் முதல் கடைசி பெஞ்சுக்குப் போனதை யாரும் விசாரிக்கவில்லை. வேண்டுமென்றே காயப்படுத்தியவர்கள் எங்களில் குறைவு. அக்கறை காட்டாமல் இருந்தவர்கள் என்று பார்த்தால் ஏறத்தாழ எல்லோரும்.

அந்த இலக்கணம் உண்மையில் எங்களைத் தடுத்ததா என்று இப்போது யோசிக்கிறோம். வகுப்பு முடிந்த பிறகு மேசைமேல் ஒரு குடை கிடந்தால், 'சம்படி ஹாஸ் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா' என்று நாங்களே சொல்கிறோம். 'ஹிஸ் ஆர் ஹர்' என்று இழுப்பதில்லை. கதவு தட்டப்பட்டால் 'ஆஸ்க் தெம் டு வெயிட்' என்கிறோம். வெளியே நிற்பது ஒருவர்தான் என்று தெரிந்தே சொல்கிறோம். ஆக, முகம் தெரியாத ஒருவருக்குத் 'தே' தடையின்றி வாயில் வந்தது. முகம் தெரிந்த, பெயர் தெரிந்த, மூன்று ஆண்டுகளாக எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் அதைக் கேட்டபோது வரவில்லை. இலக்கணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இரண்டாவது இடத்தில் அந்த மாணவர் தன்னைப் பற்றிச் சொன்னதை நம்ப வேண்டியிருந்தது. அங்கேதான் நாங்கள் பின்வாங்கினோம்.

பெயர் சொல்லத் தெரிந்த ஒருவரைத் 'தே' என்பது குடைக்காரரைச் சொல்வதைவிடப் புதிய வழக்குதான், அதை மறைக்க வேண்டியதில்லை. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இந்தப் பொருளை 2019 செப்டம்பரில் சேர்த்தது. அந்த ஆண்டின் சொல்லாகவும் 'தே'யை அறிவித்தது. ஆய்வுக் கட்டுரைகளுக்கு நாங்கள் வேதம்போல் வைத்திருக்கும் ஏ.பி.ஏ. கையேட்டின் ஏழாம் பதிப்பும் அதே ஆண்டு வந்தது. ஒருவர் தன்னைத் 'தே' என்று சொல்லிக்கொண்டால் எழுதுகிறவர் அப்படியே எழுத வேண்டும் என்கிறது அது. மேற்கோள் குறியீட்டில் ஒரு காற்புள்ளி மாறியதற்காக ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புகிற நாங்கள், அதே கையேட்டின் இந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. புதிதாக ஒரு சொல்லை ஆக்கிக்கொள்ளும் முயற்சிகளும் நெடுங்காலமாக உண்டு. சார்லஸ் கன்வர்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர் 'தான்' என்று ஒலிக்கும் ஒரு பொதுப்பாற் சொல்லை ஆக்கி 1884இல் அச்சிட்டார். 1934இல் அது வெப்ஸ்டர் அகராதியிலும் ஏறியது, 1961 பதிப்பில் இறங்கிவிட்டது. மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த 'தே'தான் நின்றது.

'தே' என்றால் ஒருவரா பலரா என்று குழம்பாதா என்றும் கேட்டோம். 'யூ' விஷயத்தில் இந்தக் கேள்வியை நாங்கள் கேட்டதே இல்லை. 'யூ' ஒரு காலத்தில் பன்மை மட்டும்தான், ஒருவரைத் 'தௌ' என்றார்கள். மரியாதைக்காகப் பெரியவர்களை 'யூ' என்று அழைக்கத் தொடங்கி, அது மெல்ல எல்லோருக்கும் ஆயிற்று. அதை எதிர்த்து 1660இல் குவேக்கர் சமயத்தின் நிறுவனர் ஜார்ஜ் ஃபாக்ஸ் வேறு இருவரோடு சேர்ந்து ஒரு புத்தகமே போட்டார். ஒருமை எது பன்மை எது என்று ஆசிரியர்களுக்குக் கற்பிப்பதாகவே அதன் தலைப்பு இருந்தது. அவர் தோற்றார். இன்று ஒரே ஆளைப் பார்த்து 'யூ ஆர்' என்று பன்மை வினையோடு சொல்கிறோம், யாரும் குழம்புவதில்லை.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது கூடுதலாகவே புரிந்திருக்க வேண்டும். 'அவர்' பழைய இலக்கணத்தில் பலர்பால். 'வந்தார்' என்பதும் பலர்பால் வினைமுற்று. அது ஒருவருக்கு மரியாதைச் சொல்லாக மாறியது. பேச்சில் 'அவங்க' இன்றும் இரண்டு வேலையும் செய்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை பாட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது 'தே டெல் மி ஸ்டோரீஸ்' என்று எழுதுவதை நாங்கள் எத்தனை தாள்களில் பார்த்திருக்கிறோம்! 'பாட்டி கதை சொல்லுவாங்க' என்று நினைத்துக்கொண்டு எழுதுகிற பிள்ளை அது. திருத்தத்தான் வேண்டும், ஆங்கிலத்தில் மரியாதைக்காகத் 'தே' வராது. ஆனால் திருத்துகிறபோது, ஒருவருக்கும் 'தே' வரும் இடங்கள் உண்டு, அவை இவை என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பன்மைச் சொல் ஒரே ஆளுக்குப் பொருந்தும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். அதைத் தவறு என்று மட்டும் சொல்லி அனுப்பினோம்.

தமிழில்தான் 'அவர்' இருக்கிறதே, ஆங்கிலத்தில் இந்தப் பிடிவாதம் எதற்கு என்று கேட்டவர்களும் எங்களில் உண்டு. பத்தொன்பது வயது மாணவரை அவர் வகுப்புத் தோழர்கள் 'அவர் வந்தார்' என்று சொல்லிப் பாருங்கள். கேலியாகத்தான் ஒலிக்கும். அந்த வயது நட்பில் 'அவன்', 'அவ' இரண்டுதான் புழங்கும். பால் சொல்லாத சொல் வேண்டுமானால் தமிழில் மரியாதையின் தூரத்துக்குப் போக வேண்டும், நெருக்கத்தை விட வேண்டும். 'தே'யில் அந்தத் தூரம் இல்லை. சமவயதுத் தோழராக இருந்துகொண்டே, ஆண் பெண் என்று பிரிபடாமலும் இருக்க அது ஓர் இடம் தந்தது. அந்த மாணவர்கள் ஆங்கிலத்தைத் தேடிப் போனது மேல்நாட்டு மோகம் என்று நினைத்துவிட்டோம். தங்களுக்கு வேண்டியதைத் தங்கள் மொழியில் காணாமல் அவர்கள் போனார்கள்.

ஒரு பிரதிப்பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டதுதான் எங்கள் குற்றங்களில் மிகப் பெரியது. அப்படிக் கேட்க இந்த மண்ணில் யாராலும் முடியாது. பழுத்த கிழவரை அவர் பிறந்த தெருவைப் பார்த்து 'அவன்' என்றும், பெரிய வீட்டுப் பொடியனை 'அவரு' என்றும் சொல்ல ஊரையே பழக்கி வைத்திருந்தோம். 'வாடா'வுக்கும் 'வாங்க'வுக்கும் நடுவில் எத்தனை பேர் அடிபட்டிருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எங்களில் பலரின் தாத்தாக்கள் அந்த 'அவன்' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டே செத்தவர்கள். பேரப் பிள்ளைகள் படித்து வேலைக்கு வந்தபோது 'சார்' என்றும் 'மேடம்' என்றும் அழைக்கப்படுவதில் அந்தக் குடும்பங்கள் பெற்ற நிம்மதியும் எங்களுக்குத் தெரியும். அந்த நாங்களே கல்லூரியில் துறைத்தலைவரை 'அவங்க' என்கிறோம், கூட்டிப் பெருக்கும் அம்மாவை 'அவ' என்கிறோம். கடைவீதியில் கைதட்டிக் காசு கேட்கும் திருநங்கையை 'அது' என்றோம். உயர்திணைப் பிரதிப்பெயரைக்கூடக் கொடுக்கவில்லை. சொல்லால் ஒருவரை இறக்க முடியும் என்பதை இவ்வளவு அறிந்த சமூகம், ஒரு பிள்ளை வந்து இந்தச் சொல் வலிக்கிறது, அதை மாற்றுங்கள் என்றபோது புரியவில்லை என்றது. எங்களுக்குப் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொண்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமே என்றுதான் அப்படிச் சொன்னோம்.

செய்வதற்கு வாய்ப்புகள் வராமலும் இல்லை. ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை உடையவர் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் (நால்சா) வழக்கில் தீர்ப்பளித்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தற்பாலீர்ப்புப் பெண்கள் இருவர் பாதுகாப்புக் கேட்டுவந்த வழக்கில், இது பற்றித் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, பிறகு தீர்ப்பு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மாணவராகப் போக முடிந்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாக, தற்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டவர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடும் தமிழ், ஆங்கிலச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. அந்தப் பட்டியலை எந்த ஆசிரியர் அறையின் பலகையிலும் நாங்கள் ஒட்டவில்லை. பள்ளியில் திருநர் பிள்ளைகளை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்காகவே என்.சி.இ.ஆர்.டி. தயாரித்த கையேடு 2021 நவம்பரில் வெளிவந்து, எதிர்ப்பு எழுந்ததும் உடனே திரும்பப் பெறப்பட்டது. எங்களுக்காக எழுதப்பட்ட கையேடு. அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று எங்கள் சங்கங்களில் ஒரு தீர்மானம் போட்டிருக்க வேண்டும். ஊதிய உயர்வுக்கும் பழைய ஓய்வூதியத்துக்கும் தெருவில் இறங்கத் தெரிந்தவர்கள் நாங்கள்.

இதன் விலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டிரெவர் பிராஜெக்ட் அமைப்பு இளைஞர்களிடம் எடுத்து 2020இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், சுற்றியுள்ளவர்களில் பெரும்பாலோர் தங்கள் பிரதிப்பெயரை மதித்த திருநர் இளைஞர்களிடையேயும், ஆண் பெண் என்ற இரண்டிலும் அடங்காத 'நான்-பைனரி' இளைஞர்களிடையேயும் தற்கொலை முயற்சி, அப்படி மதிக்கப்படாதவர்களிடையே இருந்ததில் பாதியாக இருந்தது. பிரதிப்பெயர் ஒன்று மட்டுமே உயிரைக் காக்கும் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மதிக்கிறவர்கள் வேறு வகையிலும் மதித்திருப்பார்கள். எங்கள் வகுப்புகளில் பாதியில் படிப்பை விட்டுப் போனவர்களை நினைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் படிப்பது கடினமாக இருக்கிறது.

நாங்கள் இவ்வளவு தயங்கிய 'தே' பாடத்தை ஒரு வகுப்பு நேரத்தில் நடத்திவிடலாம். பெயர் வரும் இடத்தில் 'இஸ்', 'தே' வரும் இடத்தில் 'ஆர்': 'கவின் இஸ் ஹியர், தே ஆர் வெயிட்டிங்.' பலர் இருக்கும் பேச்சில் குழப்பம் வரும்போலிருந்தால் பெயரை இன்னொரு முறை சொன்னால் போதும். பெயரையும் உருவத்தையும் வைத்து ஊகிக்க வேண்டாம். செல்வி என்று கையெழுத்திட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு வெளிநாட்டிலிருந்து 'மிஸ்டர் செல்வி' என்று பதில் வந்தால் நமக்கு எப்படியிருக்கும்? வாய் தவறினால் உடனே திருத்திக்கொண்டு பேச்சைத் தொடர வேண்டும். நெடிய மன்னிப்புக் கேட்டால், பாதிக்கப்பட்டவரே நம்மைத் தேற்ற வேண்டியதாகிவிடும். அவரவர் பிரதிப்பெயரைச் சொல்லுங்கள் என்று வகுப்பில் வரிசையாக எழுப்பிக் கேட்கவும் கூடாது. சொல்லத் தயாராகாத பிள்ளை ஒன்று அந்த வரிசையில் இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, பெற்றோர் கூட்டத்தில் எந்தச் சொல்லைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அந்த மாணவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். வகுப்பில் மரியாதையாகச் சொன்ன சொல் வீட்டில் அடியாக விழுந்துவிடக் கூடாது. இது எந்த வெளிநாட்டுக் கையேட்டையும்விட நம் ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும், பிள்ளைகளின் வீடுகளை நாம் அறிவோம்.

பரிந்துரைக் கடிதங்களைப் பற்றிக் கடைசியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேற்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தபோது, கடிதத்தில் தங்களைத் 'தே' என்று குறிப்பிடச் சிலர் கேட்டார்கள். அங்கே இருப்பவர்கள் தவறாக நினைப்பார்கள், மொழிப்பிழை என்பார்கள் என்று சொல்லி, 'ஷி' அல்லது 'ஹி' போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். தேர்வுக் குழுவின் முன்னால் மாணவர் தன்னைப் பற்றி எழுதிய கட்டுரை ஒரு சொல்லோடும், நாங்கள் எழுதிய கடிதம் இன்னொரு சொல்லோடும் போயிருக்கும். அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதை ஆசிரியர்களே மறுத்து எழுதியதுபோல் அது இருந்திருக்கும்.

அப்படிக் கடிதம் வாங்கிப் போனவர்கள் இதைப் படித்தால், எங்களுக்கு எழுதுங்கள். மாற்றி எழுதித் தருகிறோம். பெயரை மாற்றிக்கொண்டிருந்தால் புதிய பெயரிலேயே தருகிறோம். அந்த விண்ணப்பம் என்றோ முடிந்துபோயிருக்கும், இனி அதற்குப் பயன்படாது. அடுத்த வேலைக்கோ அடுத்த படிப்புக்கோ உதவலாம். எங்களில் ஓய்வு பெற்றுவிட்டவர்களிடமும் கேளுங்கள், கையெழுத்துப் போட அவர்களும் வருவார்கள்.